ஓசூரிலிருந்து வியட்நாம், சிங்காரப்பேட்டை வழியாக

பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் வழக்கமாக எங்காவது போயிருப்பார்கள். நான் சிங்காரப்பேட்டைக்குப் போனேன். வெளிநாட்டுப் பயணம்தான், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் விமானத்தில் ஏறியது என் மனைவி கலைவாணி. பேருந்தில் நசுங்கியது நான். குடும்பத்தில் வேலையைப் பிரித்துக்கொள்வது நல்லது என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள், நாங்களும் பிரித்துக்கொண்டோம்.

முதலில் என் லட்சியத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரன். பிழைப்பு ஓசூரில், குடியிருப்பு மூக்கண்டப்பள்ளியில், வேலை வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில். தரப் பரிசோதகன். ஞாயிற்றுக்கிழமைகளில் போக்கர் ஆடுவேன். காசு வைத்து அல்ல, வாஷர் வைத்து. பாகலூர் ரோட்டில் பழைய இரும்புக் கடையில் அள்ளிக்கொண்டு வந்தது. வாரம் முழுக்க மயிரிழை பிசகினாலும் வாஷரைத் தூக்கி எறிகிற நாங்கள், ஞாயிற்றுக்கிழமை அதே கோணல் வாஷர்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

ஆட்டம் நடப்பது எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில், தங்கபாண்டியின் மாடி ரூமில். அவனும் எங்கள் பக்கத்துக்காரன். மஞ்சுநாத் உள்ளூர்க்காரன், வீட்டில் கன்னடம், கடையில் தெலுங்கு, எங்களைத் திட்ட மட்டும் தமிழ். இன்னும் ஓரிருவர் ஷிஃப்டைப் பொறுத்து வருவார்கள். மேஜைக்குச் சட்டதிட்டம் உண்டு. செல்போன்களை அணைத்து ஒரு டிபன் கேரியருக்குள் போட வேண்டும். கதவைத் தாழ் போட வேண்டும். ஒரு கை, அதாவது ஒரு சுற்று ஆட்டம், முடியும்வரை வெளியே பூகம்பமே வந்தாலும் கதவு திறக்கப்படாது. கலை டீ கொண்டுவந்தாலும் கை முடிந்த பிறகுதான் உள்ளே வருவாள், டம்ளர் காலியாகும்வரை நின்று அடுத்த கையைப் பார்ப்பாள். ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவன், தோற்றவன் எல்லோருடைய வாஷரும் பழைய பெயின்ட் டப்பாவுக்குள் போய்விடும். அடுத்த வாரம் எல்லோருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுப்போம். இப்படிப் பல வருடங்களாக நான் ஜெயித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் கம்பெனியில் ஒருமுறை பெங்களூரிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்தார்கள். இலக்கு நிர்ணயம் பற்றியும் வாழ்க்கைச் சமநிலை பற்றியும் பேசினார். பலகையில் ஒரு சக்கரம் வரைந்து, அதன் ஆரங்களுக்கு வேலை, குடும்பம், உடம்பு, பொழுதுபோக்கு என்று பெயர் வைத்தார். எல்லா ஆரமும் சமமாக இருந்தால் வாழ்க்கை குலுங்காமல் ஓடுமாம். சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் பார்க்கிறவர்களைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். ஆளுக்கு ஒரு இலக்கு சொல்லச் சொன்னார். இந்த வருடத்துக்குள் கொழும்பு போய் நிஜமான போக்கர் போட்டி ஒன்றில், தோற்றவர்கள் எல்லாம் எழுந்துபோன பிறகு மிஞ்சுகிற கடைசி மேஜைவரை உட்கார வேண்டும் என்றேன். அவர் கைதட்டினார். குடும்ப ஆரம் குட்டையாக இருக்கிறதே என்றார். மனைவியையும் கூட்டிப் போவேன் என்றேன். மறுபடியும் கைதட்டினார்.

அப்படித்தான் எனக்கும் கலைக்கும் சேர்த்து பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தேன். அவளுக்கு அதில் ஒரு ஆர்வமும் இல்லை. "எங்க போகப் போறோம், எதுக்கு இது?" என்றாள். இலக்கு என்று ஒன்று இருந்தால்தான் மனிதன் முன்னேற முடியும் என்று அவளுக்கு விளக்கினேன்.

விசாரணைக்குப் போலீஸ்காரர் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கலை வீட்டில் இருந்தாள், அவள் விவரம் சரிபார்க்கப்பட்டது. என் போன் டிபன் கேரியரில் கிடந்தது. கலை எங்கள் மகள் யாழினியை அனுப்பி என்னைக் கூப்பிடச் சொன்னாள். யாழினி இரண்டாம் வகுப்பு. மாடியேறி வந்து கதவைத் தட்டினாள். நாங்கள் முக்கியமான ஒரு கையில் இருந்தோம். பக்கத்து வீட்டு சரோஜாக்காவிடம் போலீஸ்காரர் விசாரித்தபோது, "அவரு ஞாயித்துக்கெழமன்னா வூட்ல இருக்கவே மாட்டாருங்களே" என்று உள்ளதைச் சொல்லிவிட்டார். கலைக்கு பாஸ்போர்ட் வந்தது. எனக்கு, விண்ணப்பதாரர் மேற்படி முகவரியில் வசிக்கவில்லை என்று தகவல் வந்தது. வாடகையும் கரண்டு பில்லும் கட்டுகிற என்னை அரசாங்கம் இப்படிச் சொல்லிவிட்டதே என்று கொதித்துப் போனேன். மறு விசாரணை கேட்டு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

அந்தச் சமயத்தில் கலை வேலை பார்க்கும் கம்பெனியில், அது செல்போன் பாகங்கள் செய்கிற இடம், வியட்நாமில் இருக்கும் அவர்களுடைய ஆலைக்கு மூன்று மாதப் பயிற்சிக்கு ஆள் அனுப்பப் போவதாகச் சொன்னார்கள். போய் வந்தால் லைன் லீடர் பொறுப்பு. அவள் லைனில் நல்லா வேலை செய்கிறவர்கள் நிறையப் பேர். "யாருகிட்ட பாஸ்போர்ட் இருக்கு?" என்று கேட்டபோது கை தூக்கியது கலை ஒருத்திதான். என்னுடைய இலக்கு நிர்ணயத்தின் முதல் பலன் இது.

திங்கட்கிழமைக்குள் அவள் முடிவு சொல்ல வேண்டும். நாங்கள் இருவரும் ஷிஃப்ட் ஆட்கள். அவள் காலை ஷிஃப்ட் என்றால் நான் மதியம். வாசலில் சாவி கைமாறும்போது ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். அவள் போய்விட்டால் யாழினிக்கு யார்? "எங்கம்மா வந்து இருந்தா போறேன். இல்லன்னா வேணாம்னு சொல்லிடறேன்" என்றாள் கலை. "நீங்க நேர்ல போய்க் கேளுங்க. நான் போன்ல கேட்டா சீசன், கூலியாளுன்னு பேச்சை மாத்திடுவாங்க." என் மாமியார் இருப்பது சிங்காரப்பேட்டையில். அதனால்தான் அந்த உலகப் பயணம்.

வெள்ளி

லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன். டிக்கெட் கொடுத்து முடித்த பிறகு கண்டக்டர் சாவகாசமாக அறிவித்தார்: "கிருஷ்ணகிரி ஊருக்குள்ள போவாது, பைபாஸ்ல எறங்கிக்கணும்." ஏறும்போது கேட்டிருந்தால் சொல்லியிருப்பாராம். மேம்பாலத்துக்கு அடியில் என்னையும் ஒரு கோழிக்கூடையையும் இறக்கிவிட்டார்கள். கோழிக்குச் சொந்தக்காரர் வேறு பஸ்ஸில் வருகிறாராம். வெளிநாட்டு விமான நிலையங்களில் பெட்டி ஒரு ஊருக்கும் ஆள் ஒரு ஊருக்கும் போவார்கள் என்று படித்திருக்கிறேன். நம் ஊரும் அந்தத் தரத்துக்கு வந்துவிட்டது.

ஷேர் ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டு. அங்கே ஒரு போண்டா. கோவில்பட்டியில் அதை வைத்துக் கிரிக்கெட் ஆடுவோம். அடுத்து மகளிர் இலவசமாகப் போகும் டவுன் பஸ். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் பெண்கள். நின்றுகொண்டிருந்த நான் ஒருவன் காசு கொடுத்தேன். வழியில் இன்ஜின் சூடேறிப் புகை கிளம்பி வண்டி நின்றது. டிரைவர் தண்ணீர் பாட்டில் கேட்டு வந்தார். எல்லோரும் அவரவர் பாட்டிலைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டார்கள். வசமாகக் கிடைத்தது என்னுடையது. ரோட்டோர மாமரங்கள் எல்லாம் பூத்து நின்றன. அதைப் பார்த்து ரசித்தபடி வெயிலில் நின்றேன்.

நிற்கும்போது யோசித்தேன். எனக்கு உள்ளபடியே என்ன வேண்டும்? கலை போக வேண்டுமா? கொழும்பு என்னுடைய கனவு. பாஸ்போர்ட் என்னுடைய யோசனை. மூன்று மாதம் அவள் இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமைகள் போச்சு. மாமியார் வந்தாலும் போச்சு, அவர் கண் முன்னால் சீட்டாடப் போக முடியாது. ஆக, மாமியார் முடியாது என்று சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நல்லது. அப்படித்தான் எனக்குத் தோன்றியது. எல்லோருக்கும் என்றால் எனக்கு.

மாமியார் புளி வியாபாரம் செய்கிறார். சுற்று வட்டாரத்தில் மரங்களைக் குத்தகைக்கு எடுத்து, உலுக்கி, ஓடு உடைத்து, கொட்டை எடுத்து, மூட்டை போடுகிற வேலை. நான் போனபோது வாசல் முழுக்கப் பெண்கள் உட்கார்ந்து சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஊரே புளித்தது. மாமியார் ஒரு கையில் தராசும் காதில் போனுமாக, திருப்பத்தூர் வியாபாரி யாரையோ கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க மாப்ள, செத்த உக்காருங்க, இவன முடிச்சிட்டு வரன்" என்றார். அந்த ஆளை எந்த அர்த்தத்தில் முடிக்கப் போகிறார் என்று தெரியவில்லை.

சாப்பாடு ராகிக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும். கல்யாணமான புதிதில் நான் களியை மென்றதைப் பார்த்து, இந்த வீட்டுச் சிறுசுகள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதை உருட்டி, குழம்பில் தோய்த்து, அப்படியே விழுங்க வேண்டும். எங்கள் ஊரில் எதையும் மெல்லாமல் விழுங்கினால் டாக்டரிடம் கூட்டிப் போவார்கள். இப்போது நானும் நன்றாக விழுங்குகிறேன்.

சாப்பிட்டு முடித்ததும் விஷயத்தை எடுத்தேன். வியட்நாம், பயிற்சி, மூன்று மாதம் எல்லாம் சொன்னேன். பிறகு இப்படிக் கேட்டேன்: "உங்களுக்கு இப்ப புளி சீசன் அத்தை. இத்தனை ஆளையும் வேலையையும் விட்டுட்டு, ஓசூர்ல வந்து ஒரு ரூம்ல அடைஞ்சு கிடக்க உங்களால முடியாதுல்ல?"

அவர் என்னைப் பார்த்தார். "முடியாது மாப்ள" என்றார்.

"அதான் நானும் நெனச்சேன்."

"கலை வேற எதனா சொல்லி அனுப்பிச்சாளா?"

"இல்லைங்க அத்தை, அவ்வளவுதான்."

"செரி. இன்னொரு உருண்ட வைக்கட்டா?" என்றார்.

போக்கரில் இதைத்தான் சொல்வார்கள்: சண்டையில்லாமல் எதிராளியை ஒதுங்க வைப்பதே பெரிய வெற்றி. இன்னொரு உருண்டை வாங்கிக்கொண்டேன்.

சனி

மாமியார் ஒரு பெரிய புளி மூட்டையைக் கட்டி என் மடியில் வைத்து பஸ் ஏற்றிவிட்டார். "வருசத்துக்கு வரும்" என்றார். கிருஷ்ணகிரியில் மாறும்போது மஞ்சுநாத்துக்குப் போன் போட்டு, நாளைக்கு ஆட்டம் உண்டு என்று சொன்னேன். அடுத்த பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். கன்னடத்தில் பேசிக்கொண்டு வந்தார்கள். எனக்குக் கன்னடம் புரியாது என்ற தைரியம். ஓசூரில் இத்தனை வருடம் குப்பை கொட்டியவனுக்கு எந்தப் பாஷையில் திட்டினாலும் புரியும். ஒருத்தி சொன்னதன் தமிழாக்கம்: "அந்த ஆள் மூஞ்சியப் பாரு. எதையோ ஜெயிச்சிட்டுப் போற மாதிரி. புளிக்கு யாராவது இவ்வளவு சந்தோஷப்படுவாங்களா?"

இன்னொருத்தி திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "திருடிட்டுப் போறானோ என்னவோ."

என்ன சீட்டு வந்தாலும் முகத்தில் காட்டாதவன் என்று எங்கள் மாடி ரூமில் எனக்குப் பெயர். அந்தப் பெயர் சூளகிரி தாண்டுவதற்குள் போய்விட்டது. முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன், வீட்டுக்குப் போகும்போதும் அதுவே தேவைப்படும் என்பதால்.

வீட்டில் கூடத்தின் நடுவே புதுப் பெட்டி திறந்து கிடந்தது. கலை என் போன் நம்பரைக் கொடுத்து ஆன்லைனில் வாங்கியது, நீல நிறம், சக்கரம் வைத்தது. உள்ளே பருப்புப் பொடி, ஊறுகாய் பாட்டில், மடித்த இரண்டு ஸ்வெட்டர். பெட்டியின் ஓரத்தில் யாழினி தன் படம் ஒன்றை டேப் போட்டு ஒட்டியிருந்தாள்.

"அம்மா என்ன சொன்னாங்க?"

"முடியாதுன்னுட்டாங்க கலை. சீசன் நேரம். நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்."

அவள் தலையாட்டினாள். பருப்புப் பொடியை எடுத்துக்கொண்டு போய் அடுப்படி டப்பாவில் கொட்டினாள். வந்து ஊறுகாயை எடுத்தாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்: "எப்பிடிக் கேட்டீங்க?"

"கேட்டேன், எப்பிடிக் கேப்பாங்க?"

"அம்மா அப்பவே போன் பண்ணுச்சி. 'உன் வூட்டுக்காரரு வந்தாரு, கேட்டாரு, ஆனா கேக்கல'ன்னுச்சி." ஊறுகாய் பாட்டிலை இன்னும் கையில் வைத்திருந்தாள். "முடியாதுல்லன்னு கேட்டா யாரு முடியும்னு சொல்லுவாங்க? ஞாயித்துக்கெழம டீ குடுக்க வர்றப்பல்லாம் பாக்கறன்ல. நல்ல சீட்டு வந்தா எதிர்ல இருக்கறவங்ககிட்ட இப்பிடித்தான் கேப்பீங்க. 'உன்னால முடியாதுல்ல மஞ்சு, விட்டுடு'ன்னு. அவுரும் விட்டுடுவாரு."

அவள் சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை, பதிலுக்கு நானும் போட்டிருப்பேன். "திங்கக்கெழம வேணாம்னு சொல்லிடறன்" என்றாள். யாழினியின் படத்தை டேப்போடு மெதுவாகப் பிரித்து எடுத்து, கிழியாமல் ஃபிரிட்ஜில் ஒட்டினாள். புளி மூட்டையைப் பார்த்து, "இத்தன புளி எதுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிறு

வழக்கம்போல ஆட்டத்துக்குப் போனேன். மனிதனுக்கு ஒழுங்கு முக்கியம். போன்கள் டிபன் கேரியருக்குள் போயின, தாழ் விழுந்தது, டப்பாவிலிருந்து வாஷர் பங்கு பிரித்தோம். எனக்குச் சீட்டு கொட்டோ கொட்டென்று கொட்டியது. இரண்டு ஏஸ் கையில், மூன்றாவது ஏஸ் மேஜையில். எதிரே மஞ்சுநாத். அவன் முன்னால் வாஷர் குவிந்து கிடந்தது. என் வாயிலிருந்து தானாக வந்தது: "உன்னால முடியாதுல்ல மஞ்சு?"

சொன்ன பிறகு அது என் காதிலேயே கேட்டது.

அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போது கதவு தட்டப்பட்டது. சின்னக் கை, இரண்டு தட்டு. யாருக்கும் சந்தேகமில்லை. "கை முடியட்டும்டே, பிள்ள நிக்கும்" என்றான் தங்கபாண்டி. முன்பும் நின்றாள். போலீஸ்காரர் வந்த அன்றைக்கு இதே கதவுக்கு வெளியே எவ்வளவு நேரம் நின்றாளோ, யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எழுந்து கதவைத் திறந்தேன்.

"குரு, கை நடக்குது குரு!" என்று, கன்னடத்துக்காரர்கள் கூட்டாளியைக் கூப்பிடுகிற மாதிரி, மஞ்சுநாத் கத்தினான்.

யாழினிக்கு மூச்சிரைத்தது. "அப்பா, பெட்டியைத் திருப்பி எடுத்துட்டுப் போக ஆள் வந்திருக்காங்க. உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்காம். அதைச் சொன்னாத்தான் எடுப்பாங்களாம். அம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

சீட்டை மேஜையில் மல்லாத்தி வைத்தேன். மூன்று ஏஸைப் பார்த்த தங்கபாண்டி தலையில் கை வைத்துக்கொண்டான். "இத விட்டுட்டா போற? இந்த மாதிரிச் சீட்டு இனி எப்ப வரும்?" வரட்டும், வந்தாலும் சாயங்காலம் டப்பாவுக்குள்தானே போகப் போகிறது. கேரியரைத் திறந்து போனை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

வீட்டு வாசலில் டெலிவரிக்காரர் பெட்டியைப் பிடித்தபடி நின்றிருந்தார். பக்கத்தில் கலை. நீலப் பெட்டிக்கு மறுபடியும் பாலிதீன் உறை போட்டிருந்தாள்.

"ஓடிபி சொல்லுங்க சார்" என்றார் அவர்.

"பெட்டி வேணும். திருப்பிக் குடுக்கல."

"சார், இப்ப கேன்சல் பண்ணீங்கன்னா மறுபடியும் ரிட்டர்ன் எடுக்க மாட்டாங்க, பாத்துக்குங்க."

"எடுக்க வேண்டாம்."

கலை என்னைப் பார்த்தாள். "என்னாது இது? யாழினிய யாரு பாத்துக்கறது?"

"மேற்படி முகவரியில ஒரு ஆள் வசிக்கறதா நான்தான் கவர்மென்டுக்கு எழுதிக் குடுத்திருக்கேன். அந்த ஆளைக் கேட்டுப் பாக்கலாம்."

அவள் சிரிக்கவில்லை. "மூணு மாசம்" என்றாள். "காலைல தலை பின்னணும். மத்தியானத்துக்கு டப்பா கட்டணும். ஜொரம் வந்தா ராத்திரி முழிச்சிருக்கணும். ஞாயித்துக்கெழமயும் உண்டு."

"தெரியும். நீ போ கலை. நான் பாத்துக்கறேன்." இந்த முறை முடியாதுல்ல என்று யாரையும் கேட்கவில்லை.

டெலிவரிக்காரர் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, "அப்ப கேன்சல் போட்டுடறேன்" என்று போனைத் தட்டிக்கொண்டு போனார். கலை பெட்டியை உள்ளே உருட்டிக்கொண்டு போனாள். சிறிது நேரத்தில் பருப்புப் பொடி டப்பா திறக்கும் சத்தம் கேட்டது.

திங்கள்

பகல் நேர ஷிஃப்டுக்கே மாற்றிக் கொடுங்கள் என்று எங்கள் மேலாளரிடம் கேட்டேன். அவர் கம்ப்யூட்டரில் என் வருடாந்திர இலக்குகளைத் திறந்து வைத்துக்கொண்டு வருத்தப்பட்டார். ஷிஃப்ட் பொறுப்பு பார்க்காதவர்களுக்குப் பதவி உயர்வு தள்ளிப் போகும், சம்மதமா என்றார். சம்மதம் என்றேன். காரணம் என்ன என்று கேட்டார். குடும்பம் என்றேன். "வாழ்க்கைச் சமநிலைக்குக் கம்பெனி ரொம்ப முக்கியத்துவம் குடுக்குது" என்று சொல்லிக்கொண்டே பதவி உயர்வு வரிசையிலிருந்து என் பெயரை எடுத்தார். அந்தப் பயிற்சியாளரை மறுபடியும் கூப்பிட்டால் இந்தக் காட்சியையும் காட்டலாம்.

வெளிநாடு

கடைசியில் நானும் எல்லை தாண்டினேன். அத்திப்பள்ளி வழியாகக் கர்நாடகத்துக்குள் நுழைவதற்கு எங்களுக்கு விசா வேண்டாம், பொறுமை வேண்டும். ஓசூரிலிருந்து பெங்களூர் விமான நிலையத்துக்குப் போகிற நேரத்தில் அங்கிருந்து விமானம் பாதி வியட்நாமுக்குப் போய்விடும் போலிருக்கிறது. டாக்ஸி டிரைவர் வழி முழுக்கத் தெலுங்கில் தன் மச்சானோடு போனில் சண்டை. நிலத் தகராறு. அவர் சொன்னதை அவ்வப்போது நான் தமிழில் கலைக்கு எடுத்துச் சொன்னேன். அவளுக்கும் தெலுங்கு தெரியும் என்பது ஞாபகத்தில் இருந்தது, ஆனால் வேறு எதையும் பேசத் தைரியமில்லை.

விமான நிலையத்துக்குள் எங்களை விடவில்லை. பயணச் சீட்டு இல்லாதவர்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்க வேண்டும். கலை யாழினியைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தாள். என்னிடம், "புளி ரசத்துக்குக் கொஞ்சமாப் போடுங்க, அம்மா புளி கெட்டியா இருக்கும்" என்றாள். பிரியும்போது சொல்ல இதைவிட நல்லதாக எதுவும் எனக்கும் தோன்றவில்லை. "சரி" என்றேன்.

நீலப் பெட்டியை உருட்டிக்கொண்டு உள்ளே போனாள். சோதனை செய்கிறவரிடம் பாஸ்போர்ட்டை நீட்டியபோது முதுகை நிமிர்த்திக்கொண்டாள். ஃபாக்டரி பஸ்ஸுக்கு ஓடும்போது பார்த்திருக்கிறேன், சாவியை என் கையில் திணிக்கும்போது பார்த்திருக்கிறேன், இப்படி நின்று பார்த்ததில்லை. இவளைப் போகவிடாமல் பண்ண ஒரு புளி மூட்டையோடு ஊர் சுற்றி வந்தேனே என்று நினைத்தேன், எனக்கு அழுகை வந்தது. யாழினி என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அம்மா உங்களுக்குத்தான் டாட்டா காட்டறாங்க" என்றாள்.

இன்னொரு ஞாயிறு

இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் சடை பின்னுவது மூன்று ஏஸ் வருவதைவிடக் கடினம். முதல் வாரம் யாழினி ஒரு பக்கம் மாட்டு வாலும் ஒரு பக்கம் ஆட்டு வாலுமாகப் பள்ளிக்கூடம் போனாள். ரசம் புளித்தது, பிறகு புளிக்காமல் போனது, பிறகு சுமாராக வந்தது. சரோஜாக்கா தினமும் வாசலில் நின்று விமர்சனம் சொன்னார். தங்கபாண்டியும் மஞ்சுநாத்தும் ஒருமுறை டப்பாவோடு எங்கள் வீட்டுக்கே வந்தார்கள். யாழினி வாஷரையெல்லாம் நூலில் கோத்து மாலையாக்கிவிட்டாள். அதோடு வரவில்லை.

கலை வீடியோவில் பேசினாள். காலையில் ஒரு சூப்பில் நூடுல்ஸைப் போட்டு இலை தழையோடு தருகிறார்களாம், புளி மட்டும் இல்லையாம். விடுதியில் பல நாட்டுப் பெண்கள். பாஷை புரியாமல் பொழுது போகாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அவள் ஒரு விளையாட்டு கற்றுக்கொடுத்திருக்கிறாள். சட்டைப் பொத்தானை வைத்து ஆடுகிறார்களாம்.

"என்ன விளையாட்டு?"

"உங்க ஆட்டந்தான். டீ குடுக்க வந்து வந்து பாத்தது. நேத்து கடைசி வரைக்கும் நாந்தான் உக்காந்திருந்தன்" என்றாள்.

வெளிநாட்டில், போக்கர், கடைசி மேஜை. வருடம் முடிவதற்குள் இலக்கு நிறைவேறியது. ஆள்தான் கொஞ்சம் மாறிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசற்படியில் உட்கார்ந்து யாழினிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். ஒரு சடை முடிந்து மறு சடை பாதியில் இருந்தபோது பைக்கில் ஒரு போலீஸ்காரர் வந்து இறங்கினார். மறு விசாரணை. வாய் நிறைய ஹேர்பின்னை வைத்துக்கொண்டு எழுந்திருக்க முடியாமல் வணக்கம் வைத்தேன்.

"போன தடவை வந்தப்ப ஆள் இங்க வசிக்கலன்னு எழுதியிருக்கே?" என்றார்.

கோபமாகச் சொல்வதற்கு நிறையச் சேர்த்து வைத்திருந்தேன். வாடகை, கரண்டு பில், வாக்காளர் அட்டை. ஹேர்பின்னை வாயிலிருந்து எடுத்தேன். "அது சரியாத்தான் சார் எழுதியிருக்காங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டைப் பார்த்தார். சரோஜாக்கா யாரும் கூப்பிடுவதற்கு முன்பே வந்துவிட்டிருந்தார். "இவுரு இங்கதான் இருக்கறாரா?"

"இருக்கறாருங்க" என்றார் சரோஜாக்கா. "இப்பத்தான் கொஞ்ச நாளா."